இத்தாலி ஸ்டிக்கர்

போகோட்டாவில் கிடைத்ததிலேயே மலிவான ரேஸ் சைக்கிளை வாங்கி, அதன் பேரை மறைத்து இத்தாலிக் கம்பெனி ஸ்டிக்கரை ஒட்டிய மடையன் நான்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நண்பர்களோடு பாத்தியோஸ் மலை ஏறி, உச்சிக் கடையில் சீஸ் போட்ட வெல்லத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன். எங்கள் அலுவலக வாட்ச்மேன் எடில்பெர்த்தோவும் மூச்சு வாங்க வந்து இறங்கினார். அதே சைக்கிள், அதே சிவப்பு. ஸ்டிக்கர் மட்டும் இல்லை.

"அட, நம்ம வண்டி மாதிரியே இருக்கே சார்!"

நண்பர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"இது இத்தாலிங்க. உங்க வண்டியோட சேத்துப் பேசாதீங்க" என்றேன். அவர் சிரித்துக்கொண்டார்.

கிளம்பும் அவசரத்தில் என் சைக்கிள் சாய்ந்து விழுந்து, பின்கியரைத் தாங்கும் சின்னத் துண்டு உடைந்துபோனது. அந்தத் துண்டு மாடலுக்கு மாடல் வேறு. ஒன்றுடையது இன்னொன்றில் பொருந்தவே பொருந்தாது. எடில்பெர்த்தோ தன் பையில் உபரியாக வைத்திருந்ததை எடுத்து, குந்தி உட்கார்ந்து மாட்டினார். கச்சிதமாகப் பொருந்தியது.

கையைத் துடைத்துக்கொண்டே எழுந்தவர் என் காதருகே குனிந்தார்.

"ஸ்டிக்கர் ஓரம் பிய்யுது சார். அவங்க பாக்குறதுக்குள்ள அழுத்தி விட்டுக்கோங்க."