பாப்பா சொன்ன பாடம்

ஊசி மருந்தைக் கையில் இறுக்கிக்கொண்டு, பெங்களூரு ஈஜிபுரா வீட்டின் மூன்றாம் மாடியிலிருந்து இரண்டிரண்டு படியாகத் தாவி இறங்கினாள் தாரணி. சங்கராந்திக்குக் கீழ்வீட்டு சுனந்தம்மா கொடுப்பது வெறும் எள்ளும் வெல்லமும்தான் என்று நம்பி, ஐந்து வயது யாழ்நிலாவைத் தனியே அனுப்பியிருந்தாள். அதில் வேர்க்கடலையும் கலப்பார்கள் என்று எதிர்வீட்டுப் பெண் இப்போதுதான் சொன்னாள். ஒரே ஒரு கடலை போதும், ஒவ்வாமையில் குழந்தையின் தொண்டை அடைத்துக்கொள்ளும்.

யாழ்நிலா சோபாவில் காலாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பொட்டலம் பிரிக்காமல் டீப்பாயில் கிடந்தது.

"உள்ள என்ன ஆன்ட்டின்னு கேட்டா. கடலைன்னதும் வேணாம்னு நகத்தி வெச்சுட்டா. சென்னாகி, நல்லாவே கத்துக்குடுத்திருக்கீங்கம்மா" என்று சிரித்தார் சுனந்தம்மா.

தாரணிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மகளை வாரி அணைத்தாள். "அடுத்தவங்க எது குடுத்தாலும் கேட்டுட்டுத்தான் திங்கணும்னு அம்மா சொன்னது ஞாபகம் இருந்துச்சா, தங்கம்?"

"நீ அடுத்தவங்கன்னு மட்டும்தான் சொன்ன. அம்மா குடுத்தாலும் கேக்கணும்னு பாப்பா சொன்னா."

"எந்தப் பாப்பா?"

"என்னை மாதிரியே இருப்பாளே, அவ."

மகளை அணைத்திருந்த கைகளை எடுத்துக்கொண்டாள் தாரணி. யாழ்நிலாவோடு இரட்டையாகப் பிறந்தவள் ஒன்றரை வயதில் இறந்துபோனதை யாருமே அவளிடம் சொன்னதில்லை. அன்றைக்கு அந்தக் குழந்தைக்குக் கடலை உருண்டை ஊட்டியது பார்க்கில் யாரோ ஒரு பெண் என்றுதான் தாரணியின் கணவன்கூட இன்றுவரை நம்பிக்கொண்டிருக்கிறான்.

ஊட்டியது தாரணி.