மூன்று கலர் சேலை

மதுரையிலிருந்து பஸ்ஸேறி வந்த காசிராஜனுக்குத் தெரியாதது என்று ஒன்று உண்டா என்ன? அருப்புக்கோட்டையில் சௌடையாவின் தறிகளுக்கு எலக்ட்ரானிக் பெட்டி செய்து, அதற்கு சி மொழியில் புரோகிராமும் எழுதித் தந்த மகான் அல்லவா! எந்த ஊடைக்கு, அதாவது குறுக்கிழைக்கு, எந்தக் கலர் நூலேந்திய நாடா ஓட வேண்டும் என்று அந்தப் பெட்டிதான் தறிக்குச் சொல்லும். இரண்டு கலர் சேலை ஓடியது, நாலு கலரும் ஓடியது. மூன்று கலர் போட்டால் மட்டும் தறி அசையவே மாட்டேன் என்றது.

“என் கம்ப்யூட்டர்ல மூணு கலரும் ஜம்முனு ஓடுது. டிசைனை அடிக்கிற புள்ளதான் தப்பா அடிக்குது,” என்றார் காசிராஜன், காப்பியை உறிஞ்சியபடி.

அந்தப் பிள்ளை ஜீவிதா. நாடாவுக்குள் வைக்கும் தார்க்குச்சியில் நூல் சுற்றிக்கொண்டே டவுனில் கம்ப்யூட்டர் படித்து, டிசைன் அடிக்கும் இந்த நாற்காலிக்கு வந்தவள். சௌடையா அவளிடம், “சாயங்காலத்துக்குள்ள ஓடலைன்னா நாளைக்கு வர வேண்டாம் தாயி,” என்றுவிட்டார்.

மேஜையில் காசிராஜன் விரித்துப் போட்டிருந்த புரோகிராம் தாளை ஜீவிதா எடுத்துப் பார்த்தாள். அடப்பாவி! கலர் ஒவ்வொன்றுக்கும் ஒரு பைட். அவை முடிந்த கையோடு ஊடை எண்ணிக்கை, இரண்டு பைட். அந்த இடத்தைக் காட்டும், ஒற்றைப் பைட்டாக எடுக்கும் கேரக்டர் பாயிண்டரை, இனி நீ இரண்டு பைட் எடுக்கும் இன்டிஜர் பாயிண்டர் என்று ‘கேஸ்ட்’ செய்து, இரண்டையும் ஒரே வாயில் அள்ளியிருந்தார். பேரை மாற்றிக் கூப்பிட்டால் ஆள் மாறிவிடுவானா? கலர்கள் இரட்டைப்படை முகவரியில் தொடங்குவதால், மூன்று கலருக்கு அடுத்து வருவது ஒற்றைப்படை முகவரி. அவர் கம்ப்யூட்டரின் சிப் அதைப் பொறுத்துப்போகும். பெட்டிக்குள் இருக்கும் சிப் இரட்டைப்படை முகவரியில் இருந்தால்தான் இரண்டு பைட்டைச் சேர்த்து எடுக்கும், இல்லையென்றால் அப்படியே நின்றுவிடும்.

“சார், ஒவ்வொரு பைட்டா எடுத்துச் சேக்கணும் சார்.”

“எனக்கே பாடமா? போம்மா, பெட்டிக்குள்ள பஞ்சுத் தூசி இருக்கும், தொடைக்கச் சொல்லு.”

ஜீவிதா டிசைனைத் திறந்தாள். எந்த ஊடையும் கேட்காத நாலாவது கலர் ஒன்றைச் சும்மா சேர்த்து அடித்தாள். தறி சடசடவென்று ஓடியது.

காசிராஜன் துள்ளி எழுந்தார். “பாத்தீகளா மொதலாளி? தப்பைத் திருத்துச்சு, ஓடிருச்சு!”

சௌடையாவும் தலையாட்டினார். இந்தப் பெண்ணுக்கு என்ன நெஞ்சழுத்தம் பாருங்கள்! ஜீவிதா மறுபடி உட்கார்ந்து, சேர்த்த கலரை அழித்தாள். தறி நின்றது.

“வேணும்னே ஒரு பொய்க் கலரைச் சேத்தேன் மொதலாளி, அதான் ஓடுச்சு. இப்ப டிசைன் சரியா இருக்கு, நீங்களே எண்ணிப் பாருங்க. சார், ஓட்டுங்க.”

சௌடையா கலர்களை விரல்விட்டு எண்ணினார். சரியாக மூன்று. காசிராஜன் பெட்டியைத் திறந்து பஞ்சுத் தூசியை ஊதினார். பொழுது சாயும்வரை ஊதிக்கொண்டே இருந்தார்.

“தாயி,” என்றார் சௌடையா, “நாளைக்கு வெள்ளனே வந்துரு. அந்தப் புரோகிராம் தாளையும் நீயே வச்சுத் திருத்து.”