முன்கூட்டியே ஒரு மூடி

கெடுகுடி சொல் கேளாது என்பார்கள். அழகிரிசாமியும் யார் சொல்லையும் கேட்காமல் குடித்துக் குடித்து, கண்ணெல்லாம் மஞ்சளாகி, கோவை ஆஸ்பத்திரி ஒன்றில் வந்து விழுந்தான். கல்லீரல் வீங்கிக் கெட்டுப்போயிருந்தது. டாக்டர் ரம்ஷா ஸ்டீராய்டு மாத்திரை தொடங்கினார்.

"இது எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும்மா. கிருமி தொத்தினா ஆபத்து."

"அப்பக் கிருமி வர்றதுக்கு முன்னாலயே அதுக்கும் மருந்து குடுத்துப்போடுங்க," என்றாள் அவன் மனைவி ராமாமணி.

"அப்படிக் குடுத்தும் ஆய்வு பண்ணிப் பாத்துட்டாங்கம்மா. பொழைக்கறவங்க ஒண்ணும் கூடலை. சும்மா குடுத்தா கிருமிக்கு மருந்து பழகிப்போயிரும்."

ராமாமணிக்கு இது மண்டையில் ஏறவேயில்லை. கிணத்துக்கடவில் அவர்களுக்குக் கோழிப்பண்ணை. குஞ்சு வந்து இறங்கிய அன்றே தண்ணீரில் ஆன்டிபயாடிக் கலந்தாக வேண்டும். சீக்கு வந்தபிறகு மருந்து தேடுகிறவன் பண்ணை வைத்து உருப்பட்டானா? இத்தனை படித்த பொண்ணுக்கு இதுகூடத் தெரியவில்லையே என்று எரிச்சல்பட்டாள். மறுநாளே பண்ணை பாட்டில் அவள் பைக்குள் வந்துவிட்டது. யாரும் பார்க்காதபோது இளநீரில் ஒரு மூடி கலந்து கொடுத்தாள். அப்புறம் தினமும் அதே வேலைதான். அவனும் மறுபேச்சில்லாமல் குடித்தான்.

ஒரு காலை குளிர்ஜுரம் அவனைத் தூக்கிப்போட்டது. உடனே மருந்து ஏற்றினார்கள், கேட்கவில்லை. ரத்தச் சோதனை முடிவு வருவதற்குள் ஆள் பாதியாகிவிட்டான்.

"வழக்கமான மருந்து ஒண்ணுக்கும் இந்தக் கிருமி அசையலை," என்றார் ரம்ஷா. "வெளிய ஏதாச்சும் குடுத்தீங்களாம்மா?"

ராமாமணி பாட்டிலை எடுத்து நீட்டினாள். மேலே கோழிப் படம்.

"ஐயோ, அம்மா!" டாக்டர் வேறு மருந்துக்கு ஓடினார்.

"பாவி நானு, குஞ்சு மருந்தக் குடுத்துப்போட்டனுங்க," என்று ராமாமணி அவன் கையைப் பிடித்துக்கொண்டு விம்மினாள்.

"மொத நாளே தெரியும் அம்மணி. எத்தன வருசமாக் கலக்கறேன், அந்த வாசம் தெரியாதா?"

அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. "ஏனுங்க, தெரிஞ்சேவா குடிச்சீங்க?"

"குடிக்காதீங்கன்னு நீ சொன்னத ஒருநாளும் கேக்கலை. நீயாக் குடுத்ததையாச்சும் வேண்டாங்காமக் குடிக்கலாம்னுதான்..."

"கிறுக்கு மனுசா! வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா?" பிடித்த கையை விடாமல் அவள் வைதாள்.

புது மருந்தோடு ரம்ஷா வந்தபோது அந்தக் கை ஜில்லிட்டிருந்தது. அவள் இன்னும் வைதுகொண்டிருந்தாள்.