அகர வரிசைத் தண்ணீர்

குணசேகரன் சென்னையில் பல வருடம் டேட்டாபேஸ் கட்டிக் கொடுத்துச் சம்பாதித்தவர். ஊருக்குத் திரும்பியதும் கண்மாய்ச் சங்கம் தண்ணீர் முறையை அவரிடம் ஒப்படைத்தது. அவர் செய்தது ஒரு நோட்பேட் ஃபைல். வரிக்கு ஒரு வயல்: பெயர், காற்புள்ளி, எத்தனை மணி நேரம். மடையிலிருந்து வாய்க்கால் ஓடும் வழியில் வயல்கள் எப்படிக் கிடந்தனவோ, அப்படியே வரிகள். எந்த போனிலும் திறக்கும்.

"இதுக்கு ப்ரோக்ராம் எழுதுறவன், கொசு அடிக்கக் கடப்பாறை தேடுறவன்" என்பார் மனைவி சுகுணாவிடம்.

ஆடியில் அவர் மாரடைப்பில் போனார். கார்த்திகையில் சங்கம் கோபிநாத்தைப் பிடித்தது. புதுக்கோட்டையில் இன்ஜினியரிங் முடித்த பிள்ளை. ஒன்றைச் சுலபமாகச் செய்தால் படித்த படிப்புக்கு இழுக்கு என்று நினைப்பவன். ஆப் வந்தது. ஓடிபி வந்தது. பச்சை வட்டம் சுழன்றது. தண்ணீர் திறந்துவிடும் முனியசாமி, போனில் இடமில்லாமல் பேத்தி படங்களை அழித்துவிட்டு அந்த வட்டத்தை ஏற்றிக்கொண்டார்.

தை பிறந்தது. சுகுணாவின் நெல் பால் பிடிக்கும் பருவம். ஒரு தண்ணீர் கிடைத்தால் கதிர், இல்லையென்றால் பதர். கண்மாயில் மிச்சமிருந்ததும் ஒரு சுற்றுக்குத்தான்.

ஆப்பில் முதல் பெயர் ஆவுடையப்பன். அவர் வயல் கடைக்கோடி. காய்ந்த வாய்க்கால் பாதித் தண்ணீரைக் குடித்துவிட்டு மீதியை அவருக்குக் கொடுத்தது. அடுத்து இருளாயி, மடைக்குப் பக்கத்து வயல். தண்ணீர் மறுபடி மேலே வந்தது. அதற்கடுத்தவர் வயல் மறுபடி கடைக்கோடி.

சுகுணா போன் போட்டாள். "தம்பி, வரிசை என்னாச்சு?"

"டேட்டாபேஸ்ல வரிசைன்னு ஒண்ணு இல்லக்கா. அதான் அகர வரிசையில எடுத்தேன். யாருக்கும் பாரபட்சம் இல்ல."

"தண்ணி அகர வரிசையிலயா ஓடுது?"

"அடுத்த வெர்ஷன்ல சரி பண்ணிரலாம்."

"எப்போ?"

"மாசி கடைசிக்குள்ள."

அவன் அதைப் பெருமையாகச் சொன்னான். சுகுணா போனை வைத்தாள். திட்டக்கூட அந்தப் பயலுக்குத் தகுதி போதாது. கணவரின் ஃபைலைச் சங்கத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டு மடைக்கு நடந்தாள்.

முனியசாமி தயங்கினார். "ஆப்ல ஒங்க பேரு இன்னும் வரலையே, தாயி."

"இருளாயி அக்காவுக்கு அடுத்த வயல் யாருதுண்ணே?"

"ஒங்களுதுதான்."

"கண்ணுக்குத் தெரியுதுல்ல? வெட்டிவிடுங்க."

அவர் மண்வெட்டியை எடுத்தார். நனைந்து கிடந்த வாய்க்காலில் தண்ணீர் சிந்தாமல் வந்து வயலுக்குள் இறங்கியது. குழுவைப் பார்த்துவிட்டு அடுத்த வயல்காரர் நாகராசு தன் வரப்பில் வந்து நின்றார்.

கோபிநாத் பைக்கை ஸ்டாண்டு கூடப் போடாமல் ஓடிவந்தான். "அக்கா, இப்புடி ஆளாளுக்குத் தொறந்தா டேட்டா கெட்டுப்போகும்! எர்ரர் காட்டுது பாருங்க!"

சுகுணா போனைப் பார்க்கவில்லை. தூர் தூராக நனைந்துகொண்டிருந்த பயிரைப் பார்த்தாள்.

"காட்டட்டும். செருப்பக் கழட்டிட்டு அங்கிட்டு வரப்பு மேல நில்லு. தண்ணியில நிக்கிற."