அப்பாவுக்குத் தக்காளி வேண்டாம்

யாரிடமாவது சொல்லாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும் போலிருக்கிறது. தம்பி பக்கத்தில் தூங்குகிறான். அம்மா வீட்டில் இல்லை. ஏன் இல்லை என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

எங்கள் வீட்டில் பர்கர் செய்தால் ஒரு சட்டம் உண்டு. அவரவர் பர்கரை அவரவர் அடுக்கக் கூடாது. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் அடுக்கித் தருவார். கண்ணை மூடிக்கொண்டு கடித்து, உள்ளே என்னென்ன இருக்கிறது என்று சொல்ல வேண்டும். அப்பா போட்ட சட்டம் அது. அப்பா வேன் ஓட்டுகிறவர். போன மழைக்காலத்தில் வேலைக்குப் போனவர் திரும்பவில்லை. வேன் மட்டும் ஒரு பாலத்துக்குக் கீழே கிடைத்தது. சாவி அதிலேயே இருந்தது.

அதற்கு முந்தின நாள் எனக்கு அடுக்கியது அப்பாதான். பூண்டு மயோனைஸ், நொறுக்கிய சிப்ஸ், சீஸ் எல்லாம் வழக்கம்போல. அன்றைக்குப் புதிதாக ஒன்று. ஆரஞ்சு ஜாமில் மிளகாய் சாஸைக் குழைத்துத் தடவியிருந்தார். காதோரம் குனிந்து, “உங்கம்மாகிட்ட மூச்சு விட்டுடாத. கட்லெட்ல ஜாம் தடவினேன்னு தெரிஞ்சா என் தோலை உரிச்சிடுவா” என்றார். நான் மூச்சு விடவில்லை.

இன்று சாயங்காலம் லிஃப்ட் அங்கிள் சாப்பிட வந்தார். எங்கள் கட்டடத்து லிஃப்டைப் பழுது பார்க்கிறவர். வருகிற ஞாயிற்றுக்கிழமை பெட்டி படுக்கையோடு எங்கள் வீட்டுக்கே குடிவந்துவிடுவதாகப் பேச்சு. எனக்கு அதில் கோபம்கூட இல்லை. அம்மா மறுபடியும் சிரிக்கிறாளே என்றிருந்தது.

“டேய், பன்னைத் தக்காளி சாஸ்ல குளிப்பாட்டவா?” என்று அம்மா தம்பியைக் கேட்டாள்.

“தலைக்கே ஊத்தும்மா!”

அங்கிள் விழுந்து விழுந்து சிரித்தார். எனக்கு அடுக்க வேண்டியது அவர். “நான் கத்துக்குட்டி. தப்பா இருந்தா திட்டக் கூடாது. கண்ணை மூடு பாப்பா.”

கடித்தேன். பூண்டு மயோனைஸ். சிப்ஸ். சீஸ். சரி, அம்மா சொல்லிக் கொடுத்திருப்பாள். அப்புறம் நாக்கில் அந்த இனிப்பு வந்தது. அதன் வாலைப் பிடித்துக்கொண்டு காரம்.

கண்ணைத் திறந்தேன். ஃப்ரிட்ஜ் கதவு திறந்திருந்தது. ஜாம் பாட்டில் அவர் கையில்.

“இத யார் சொன்னா உங்களுக்கு?”

“ஐயே, ஜாமா?” என்று அம்மா முகத்தைச் சுளித்தாள். “என்னங்க இது கூத்து?”

“பிடிச்சிருக்கா இல்லையா? அதச் சொல்லு” என்றார் அங்கிள்.

“அம்மா, இது அப்பாவுக்கும் எனக்கும் மட்டுந்தான் தெரியும். காணாமப் போறதுக்கு முந்தின நாள்தான் மொதல்ல போட்டுக் குடுத்தாரு.”

தம்பி மெல்லுவதை நிறுத்தினான். அங்கிள் ஜாம் பாட்டிலை மூடி வைத்தார். மிச்சமிருந்த பன்னை எடுத்தார். இரண்டு பக்கமும் கடுகு சாஸைத் தடவினார். வினிகரில் ஊறிய வெள்ளரித் துண்டுகளைக் கட்லெட்டின் மேல் வட்டமாக அடுக்கினார். தக்காளியை எடுத்தவர், ஏதோ ஞாபகம் வந்ததுபோல் அதைக் கிண்ணத்திலேயே திரும்ப வைத்தார். எல்லாவற்றையும் மூடித் தாளில் சுற்றினார்.

அது அப்பாவின் பர்கர். அம்மாவுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. இத்தனை வருஷமாக அடுக்கிக் கொடுத்தவளே அவள்தான்.

“அது யாருக்கு?” என்று அம்மா எழுந்து நின்றாள்.

“ஒருத்தருக்குங்க. ஆறிப்போச்சுன்னா தொட மாட்டார்.”

“யாருன்னு கேட்டேன்.”

“ஞாயித்துக்கிழமை பேசிக்கலாமே.”

பொட்டலத்தைக் கைக்குழந்தைபோல மார்போடு அணைத்துக்கொண்டு போய்விட்டார்.

அரை மணி நேரம் கழித்து அம்மா அவருக்குப் போன் செய்து ஸ்பீக்கரில் போட்டாள். எடுத்தார், ஆனால் எங்களோடு பேசவில்லை. யாரோ மெல்லும் சத்தம் கேட்டது. அப்பா மெல்லும்போது தாடை டக் டக்கென்று தட்டும். இதை முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டும். அந்தச் சத்தம்தான். நடுவில் அங்கிளின் குரல், கொஞ்சுவதுபோல: “மெதுவா, மெதுவா. தண்ணி குடிச்சிக்குங்க.”

போன் அணைந்தது.

“போலீசுக்குச் சொல்லலாம்மா.”

“அவங்க போய்ச் சேர்றதுக்குள்ள வேற எங்கயாவது கொண்டு போயிட்டா? அந்தாளு ஒர்க்‌ஷாப் எனக்குத் தெரியும். நான் போறேன்.” செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள். “விடியறதுக்குள்ள வரலைன்னா போலீசுக்குப் பேசு. யார் கூப்பிட்டாலும் கதவத் திறக்காத. எங்கிட்ட சாவி இருக்கு.”

“யார் கூப்பிட்டாலுமா?”

அம்மா கொஞ்சம் யோசித்தாள். “உங்கப்பாவே கூப்பிட்டாலும்.”

இன்னும் விடியவில்லை. இப்போதுதான் யாரோ கதவைத் தட்டினார்கள்.

“பாப்பா, தூங்கிட்டியா? அம்மாவும் என்கூடத்தான் இருக்கா. கதவத் திற.”

அப்பாவின் குரல்தான். அம்மா எதுவும் பேசவில்லை. பூட்டில் சாவி நுழையும் சத்தமும் இல்லை.

தம்பி விழித்துக்கொண்டான். அவன் வாயைப் பொத்திக்கொண்டு, இன்னொரு கையால் போலீஸ் நம்பரை அழுத்துகிறேன்.