லீவுக்கு வந்த குழந்தை

கடலுக்கு அப்பால் எங்கோ போர் மூண்டது. ஊரப்பாக்கத்தில் வாடகைக்கு வீடு கிடைக்காமல் போனது. பக்கத்தில் பீரங்கிக் குண்டுக்கு மேல்கூடு செய்யும் தொழிற்சாலையில் மூன்று ஷிப்டுக்கும் ஆள் எடுத்தார்கள். எடுத்த ஆட்கள் எங்கே படுப்பார்கள் என்பதை மட்டும் யாரும் யோசிக்கவில்லை. குடும்பத்தோடு விசாலமாக வாழ வேண்டுமானால் வண்டலூர் மிருகக்காட்சி சாலையில் சிங்கமாகப் பிறந்திருக்க வேண்டும்.

காலேபும் அவன் மனைவி ஹெப்சியும் அங்கே ஆளுக்கொரு ஷிப்டு. அவர்களுக்குக் கிடைத்தது சிட்டிபாபுவின் பழைய மாட்டுக் கொட்டகையில் தடுத்த ஓர் அறை. வாசலில் ‘ராயல் என்கிளேவ்’ என்று போர்டு. சிட்டிபாபுவுக்கு ஒரு கொள்கை உண்டு: வீட்டுக்கு ஒரு குழந்தை. இரண்டாவதை அவருடைய செப்டிக் டேங்க் தாங்காது. விருந்தாளி என்றால் தாங்கும். விருந்தோம்பல் அவர் பரம்பரைக் குணமாம்.

மூத்த பையனைக் காட்டி வீடு பிடித்தாயிற்று. நாலு வயது ஜென்சி, ஹெப்சியின் அண்ணன் மகளாக லீவுக்கு வந்தாள். லீவு முடியவே இல்லை. அம்மாவை அத்தை என்று கூப்பிடப் பழக்கினார்கள். கதவு திறந்திருக்கும்போது மட்டும் என்று சொல்லித்தான் பழக்கினார்கள். சாத்தினால் மூச்சு முட்டும் என்பதால் அந்தக் கதவு எப்போதும் திறந்தே இருந்தது.

கடைசியில் கம்பெனி குவார்ட்டர்ஸ் கட்டியது, இரண்டு குழந்தை உள்ளவர்களுக்கு மட்டும். குடும்பத்தை நேரில் பார்க்க வெல்ஃபேர் ஆபீசர் ஜெபசீலன் வந்தார். ‘நீங்களும் எல்லையில் நிற்கும் வீரர்களே’ என்று மேடைதோறும் முழங்குபவர். எந்த நாட்டு எல்லை என்று சொன்னதில்லை. காலேப் வேலையில் இருந்தான். இன்றைக்கு அம்மா என்றுதான் சொல்ல வேண்டும் என்று ஹெப்சி குழந்தையிடம் சொல்லி வைத்திருந்தாள். பெரிய மனிதர் வந்திருக்கிறாரே என்று சிட்டிபாபு நாற்காலியோடு வந்து நிற்பார் என்பதை அவள் எதிர்பார்க்கவில்லை.

ஜெபசீலன் ஹெப்சியைக் காட்டிக் குனிந்தார். “பாப்பா, இது யாரும்மா?”

ஜென்சி சிட்டிபாபுவைப் பார்த்தாள். தப்பில்லாமல் ஒப்பித்தாள்.

“அத்தை. நான் லீவுக்கு வந்திருக்கேன்.”

“என் பொண்ணு சார் அவ,” என்றாள் ஹெப்சி. வீட்டுக்காகச் சொல்லிக்கொடுத்த பொய் என்றாள். பிறப்புச் சான்றிதழை நீட்டினாள்.

“பேப்பர் யார் வேணா வாங்கலாம்மா. குழந்தை பொய் சொல்லாது. நீயே சொல்லிக் குடுத்திருந்தா அது இன்னும் மோசம். நாட்டைக் காக்கற கம்பெனி இது.”

அவர் போனதும் சிட்டிபாபு நாற்காலியை மடக்கினார்.

“எட்டு மாசமா ஏமாத்திகினு இருந்துருக்க. மாசக் கடைசில வூட்ட காலி பண்ணிடும்மா. கோவம்லாம் இல்ல. டேங்க் தாங்காது.”

ஹெப்சி வாசற்படியில் உட்கார்ந்தாள். தன் மேல் என்ன தப்பு என்று தெரியாமல் ஜென்சி பக்கத்தில் வந்து நின்றாள். இனிமேல் எல்லார் எதிரிலும் அம்மா என்றே கூப்பிடலாம், யாரும் ஒன்றும் செய்ய மாட்டார்கள் என்று ஹெப்சி அவளிடம் சொன்னாள்.

ஜென்சி கேட் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

“சரி அத்தை,” என்றாள்.