இடது காதில் சொன்னது

அடைக்கலராஜ் மகளின் கழுத்தை வளைத்துக் கிட்டே இழுத்து, அவளுடைய இடது காதில் ஏதோ சொன்னார். மூச்சு வாங்க நிறுத்தி, மறுபடியும் சொன்னார். லூசியாவுக்குச் சூடான காற்று பட்டதே தவிர ஒரு சொல்லும் விழவில்லை. அந்தக் காது செத்து இருபத்திரண்டு வருஷம் ஆகிறது.

காது கேட்காதவர்களின் பழக்கத்தில் அவள் தலையை மட்டும் ஆட்டி வைத்தாள். அதைப் பார்த்துவிட்டுத்தான் அவர் கண்ணை மூடினார். பிறகு திறக்கவில்லை.

கடைசி ஜெபம் சொல்லத் திண்டிவனத்திலிருந்து கிளம்பிய பங்குச் சாமியார் வழியில் ரயில்வே கேட்டில் மாட்டிக்கொண்டு, கால்மணி நேரம் பிந்தி வந்து சேர்ந்தார்.

"செஞ்ச பாவத்தச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் பண்ணாமயே பூட்டாரே சாமி!" அம்மா சவுரியம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள்.

"யாருமா சொன்னது? அக்கா காதுல சொல்லிட்டுதான் போனாரு. அக்காவும் சரின்னுச்சி. நான் பாத்துக்கினுதான இருந்தேன்" என்றான் தம்பி அருண்.

சாமியார் லூசியாவின் பக்கம் திரும்பினார். "மககிட்ட மன்னிப்பு வாங்கிக்கினு போயிருக்காரு. ஆண்டவர் தள்ள மாட்டாரும்மா."

லூசியாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என்ன மன்னிப்பு? யார் கொடுத்தது?

சாராய பாட்டிலை மல்லாட்டை மூட்டைக்குள் ஒளித்துவைத்தாள் என்று, பதினோரு வயதுப் பிள்ளையை விட்டார் ஓர் அறை. இடது காதிலிருந்து ரத்தம் கொட்டியது. அம்மா வாங்கிய அடிகளைச் சொல்லி மாளாது. அப்புறம் ஒரு தவக்காலத்தில் முகையூரில் தியானத்துக்குப் போனார். போனவர் ஒருத்தர், திரும்பி வந்தவர் வேறொருத்தர். பத்து வருஷமாகக் குடியைத் தொடவில்லை. ஜெபக்கூட்டத்தில் மைக்கைப் பிடித்துக்கொண்டு, "பெத்த புள்ள காதச் செவுடாக்குன பாவி நான்" என்று சாட்சியம் சொல்லி அழுவார். கூட்டமே மூக்கைச் சிந்தும். ஐயோ, எத்தனை தடவை! ஊருக்கெல்லாம் சொன்ன மனுஷன் வீட்டுக்குள் அவள் எதிரில் நின்று ஒருதரம் சொன்னதில்லை. அந்த ஒருதரத்துக்காகத்தான் அவள் காத்துக்கிடந்தாள். கடைசியில் சொன்னதும் அவரே அடைத்த காதில்.

உடம்பைக் கழுவும்போது அம்மா கேட்டாள். "அப்பிடி என்னாடி சொன்னாரு?"

"அப்புறம் சொல்றேன்."

சொல்லத்தான் போகிறாள். மூத்த பிள்ளை மூன்று பிடி மண் போட்ட பிறகுதான் மற்றவர்கள் போடுவது அந்த ஊர் வழக்கம். மனத்தாங்கலோடு போடக் கூடாது என்பார்கள். நான் போட மாட்டேன், ஆட்டின தலை செல்லாது என்று எல்லார் எதிரிலும் சொல்லிவிடுவது என்று முடிவு கட்டிக்கொண்டாள்.

மறுநாள் கல்லறைத் தோட்டத்தில் சாமியார் தீர்த்தம் தெளித்தார். பெட்டியைக் குழிக்குள் இறக்கினார்கள். லூசியா அதையே வெறித்துக்கொண்டு நின்றாள். யாரோ தோளைப் பிடித்து உலுக்கினார்கள்.

அருண்தான். "எத்தினி வாட்டிக்கா கூப்புடுறது? ஜல்தியா மண்ணப் போடு."

அவன் இடப்பக்கம் நின்றிருந்தான். எப்போதும் அப்படித்தான், அம்மாவும் அப்படித்தான். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை, மறந்துபோகும். இந்தப் பக்கத்திலிருந்து ஒருநாளும் கூப்பிடாதவர் அந்த வீட்டில் ஒருவர்தான். எவ்வளவு அவசரமானாலும், சேற்றில் இறங்கி வரப்பைச் சுற்றிக்கொண்டு வலப்பக்கம் வந்து நின்றுதான் "லூசி" என்பார். பத்து வருஷத்தில் ஒருநாள் தவறியதில்லை.

அப்படியானால் நேற்று மறதியில் சொல்லவில்லை. தெரிந்தேதான் சொல்லியிருக்கிறார். கெடுத்த காதிடமே மன்னிப்புக் கேட்டாரோ, அவள் காதில் விழுந்தால் முடியாது என்றுவிடுவாளோ என்று பயந்தாரோ. பாவி மனுஷன்!

சவுரியம்மாள் அவள் கையைப் பிடித்தாள். "இப்பவாச்சும் சொல்லுடி. என்னா சொன்னாரு?"

சாமியாரும் அவளையே பார்த்தார்.

"எனக்கு ஒண்ணும் கேக்கலம்மா."

சவுரியம்மாள் பிடித்திருந்த கையை விட்டாள்.

"ஆனா தலையாட்டிட்டேன்ல. ஆட்டுனது ஆட்டுனதுதான்."

லூசியா குனிந்து மண்ணை அள்ளினாள். ஒரு பிடி போட்டாள். இன்னொரு பிடி போட்டாள். மூன்றாவது பிடியில் சின்னதாக ஒரு கல் இருந்தது. அதைப் பொறுக்கி ஓரமாக வைத்துவிட்டு, மண்ணை மட்டும் பெட்டியின் மேல் தூவினாள்.